பூச்சிக்குச் சிலை வைத்த ஊர்

உலகத்து ஊர்களிலே எத்தனையோ சிலைகளைக் காண்கிறோம். நாடாண்ட மன்னர்க்குச் சிலை உண்டு. படை நடத்திய தளபதிக்குச் சிலை உண்டு. செல்வத்தை அள்ளிக் கொடுத்த வள்ளலுக்கும் சிலை உண்டு. சில இடங்களில் அள்ளிக் கொண்டவனுக்குங்கூடச் சிலை உண்டு. ஆனால் வயலில் நின்ற பயிரைத் தின்று தீர்த்து, உழவனைக் கடனிலே ஆழ்த்திய ஒரு பூச்சிக்கு, அதனால் அல்லலுற்ற ஊராரே ஒன்றுகூடிச் சிலை நாட்டினார்கள் என்றால் நம்புவார் யார்? நம்பத்தான் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலே, அலபாமா மாகாணத்திலே, எண்டர்பிரைஸ் என்ற சிற்றூரின் நடுத்தெருவில் அச்சிலை இன்றும் நிற்கிறது.

அத்தென்பகுதி ஊர்கள் பலவற்றின் நடுவிடத்தில் நாம் காண்பது வேறொரு சிலை. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காக்க எழுந்த தென்னாட்டுப் படையின் வீரன் கையில் துப்பாக்கியோடு அங்கே நிற்பான். எண்டர்பிரைஸ் ஊரார் தம் நாற்சந்தியில் அவனை நிறுத்தாது ஒரு வண்டுக்கு இடங் கொடுத்தது புதுமையே. அப்புதுமையைக் கண்டு நகைத்துவிட்டுப் போவாரும் உளர். வியந்து புகழ்வாரும் உளர். நாம் இரண்டும் செய்யாமல், அந்த வண்டு யாருக்கு என்ன செய்தது என்பதைச் சற்றே நின்று ஆராய்வோம்.

ஊரும் பெயரும்

எண்டர்பிரைஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முயற்சி என்பது பொருள். ஊர் இருப்பது அலபாமாவின் தென்கிழக்கு மூலையில், புளோரிடா எல்லைக்கு அண்மையில். அது அடங்கிய மாவட்டத்தின் பெயர் காப்பி மாவட்டம். பெயரைக் கேட்டவுடன் அங்கே காப்பித் தோட்டங்கள் நிறைந்திருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜான் காப்பி என்ற படைத்தலைவரின் பெயரால் 1841-ஆம் ஆண்டில் அம்மாவட்டம் அமைந்தது.

அவர் யார்? அந்நிலத்தின் பூர்வகுடிகளான மஸ்கோகி மக்களை எதிர்த்து, ஆண்ட்ரூ ஜாக்சனின் கீழ் நின்று போரிட்டவர். 1814-இல் அப்போர் முடிந்தபோது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் ஏக்கர் நிலம் அம்மக்களின் கையைவிட்டுப் போயிற்று. ஜாக்சனுக்குத் துணை நின்ற மஸ்கோகியரின் நிலமும் அதிலே சேர்ந்தே போயிற்று என்பது கவனிக்கத்தக்கது. பிறகு எஞ்சியிருந்தவர்களும் 1836-ஆம் ஆண்டையொட்டி மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தப்பட்டனர். போரில் நிலத்தைப் பிடிக்கத் துணைநின்ற காப்பியே பின்னர் அலபாமா நிலங்களை அளந்து விற்பனைக்கு ஒழுங்கு செய்யும் தலைமை அதிகாரியாகவும் இருந்தார். ஆகவே ஊரின் சரித்திரம் வண்டிலிருந்து தொடங்குவதன்று. யாருடைய பெயர் நிலைத்தது, யாருடைய பெயர் அழிந்தது என்ற கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

அப்பகுதி நிலம் மணற்பாங்கானது. நெடிய பைன் மரங்களும், அவற்றின் அடியிலே கம்பிபோன்ற ஒருவகைப் புல்லும் மண்டிக் கிடந்த காடு அது. அப்புல்லின் பெயராலேயே அவ்வட்டாரத்தை இன்றும் கம்பிப்புல் நாடு என்று வழங்குகிறார்கள். அலபாமாவின் நடுவே உள்ள கரிசல் நிலத்தைப்போல இங்கே பெரும் பண்ணைகள் பெருகவில்லை. சிறுகுடி உழவர்களே மிகுதி. காட்டில் மரம் வெட்டினார்கள். பைன் மரத்தின் பட்டையைக் கீறி, வடியும் பிசினைக் கலத்தில் ஏந்திக் கற்பூரத் தைலம் காய்ச்சினார்கள். நாள்தோறும் விடியலில் மரஞ்சீவப் புறப்பட்ட நம்மவர்க்கு அத்தொழிலின் பாடு சொல்லாமலே விளங்கும்.

1881-இல் ஜான் ஹென்றி கார்மைக்கேல் என்பவர் வந்து குடியேறியதை ஊரின் தொடக்கமாகச் சொல்வர். 1896-இல் அது நகரமாக அமைந்தது. அந்த நூற்றாண்டின் முடிவை ஒட்டி இரயில் பாதை வந்தது. இரயில் வந்ததும் மரம் வெளியே போயிற்று. செயற்கை உரம் உள்ளே வந்தது. காடு அழிந்த மணல் நிலத்தில் உரமிட்டுப் பருத்தி பயிரிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் ஊரின் கடை, வங்கி, பஞ்சு அரைவை ஆலை, இரயில் கொட்டகை யாவும் பருத்தி ஒன்றையே நம்பி நின்றன.

உண்ண முடியாத பயிர்

ஒரு மாவட்டமே ஒரு பயிரை நம்பி நின்றது ஏன்? உழவனுக்கு அறிவில்லாமையாலா? அன்று. கடன் அவ்வாறு கட்டளையிட்டது.

1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்க்கு நிலம் கிடைக்கவில்லை. உழத் தெரிந்தவனிடம் நிலமில்லை; நிலமுள்ளவனிடம் கூலி கொடுக்கப் பணமில்லை. இந்நிலையிலே வாரமுறை எழுந்தது. நிலக்காரன் நிலமும், சில சமயம் கோவேறு கழுதையும் விதையும் கொடுப்பான். வாரக்குடி உழுது விளைவித்து, விளைந்ததில் பாதியளவு கொடுக்கவேண்டும். அறுவடை வரையில் குடும்பம் உண்பதற்கு மாவும் பன்றி இறைச்சியும் வேண்டுமே? அவற்றை ஊர்க் கடைக்காரன் கடனாகக் கொடுப்பான். ரொக்க விலை ஒன்று, கடன் விலை அதற்கு மேல். அக்கடனுக்கு ஈடு, இன்னும் விளையாத பயிர்.

பயிரை ஈடாகப் பெற்ற கடைக்காரன், “பருத்தியே பயிரிடு” என்றான். பருத்தி அழுகாது, எங்கும் விலைபோகும், எல்லாவற்றிற்கும் மேலாக, பசித்த குடியானவன் அதைத் தின்றுவிட முடியாது! சோளம் விளைத்தால் அவன் வயிற்றுக்குப் போய்விடும். பருத்தி விளைத்தால் அது கடைக்காரனிடமே வந்து சேரும். ஆகவே வீட்டு வாயிற்படி வரையில் பருத்தி நின்றது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் குடியானவன் பெயரில் பாக்கி நிற்கும். அப்பாக்கிக்காக மறு ஆண்டும் அதே நிலத்தில், அதே பருத்தி. கறுப்பின மக்கள் மட்டுமல்லர். அவ்வட்டாரத்தில் மிகுதியாக இருந்த ஏழை வெள்ளையரும் இவ்வலையில் சிக்கினர். தோட்டக் கடையின் பற்றுப் புத்தகத்தைப் பார்த்தவர்க்கு இக்கணக்கின் சூது புதிதன்று.

பருத்தி மண்ணின் சத்தை உறிஞ்சியது. விலை ஏறி இறங்கியது. அறிவுடையோர் பலர் பயிரை மாற்றுங்கள் என்று பல்லாண்டுகளாகச் சொல்லியும் வந்தனர். கேட்பார் இல்லை. கேட்க நினைத்த குடியானவனுக்கோ உரிமை இல்லை.

வண்டின் வருகை

அச்சமயத்திலேதான் வண்டு வந்தது. பருத்திக் காய்க் கூன்வண்டு என்று அதனைச் சொல்லலாம். கால் அங்குல நீளந்தான். சாம்பலும் பழுப்புமான நிறம். முகத்தின் முன்னே துதிக்கைபோல் நீண்ட மூக்கு. அம்மூக்கால் பருத்தியின் பூமொட்டையும் இளங்காயையும் துளைக்கும். பெண் வண்டு துளைக்கு ஒன்றாக முட்டையிடும். சில நாளில் புழு வெளிப்பட்டு உள்ளிருந்தே தின்னும். மொட்டு மஞ்சளித்து உதிரும். காய் பஞ்சு தராமல் கெடும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் முட்டை வண்டாகிவிடும். ஒரு பெண் வண்டு இடும் முட்டைகள் நூற்றுக்கு மேல். ஒரே கோடையில் பல தலைமுறை பெருகினால் அதன் தொகையைக் கணக்கிடவும் வேண்டுமோ? குளிர்காலத்தில் வரப்போரச் சருகிலும் காட்டு விளிம்பிலும் ஒளிந்திருந்து, வசந்தத்தில் மீண்டும் வயலுக்கு வரும்.

இதன் தாயகம் மெக்சிகோவும் அதை அடுத்த நாடுகளும். 1892-ஐ ஒட்டி டெக்சாஸ் மாகாணத்தின் தென்கோடியிலுள்ள பிரவுன்ஸ்வில் நகரத்தருகே எல்லையைக் கடந்தது. ஆண்டுதோறும் கிழக்கும் வடக்குமாகப் பரவி, மிசிசிப்பி ஆற்றையும் தாண்டி, 1910-இல் அலபாமாவில் கால் வைத்தது. 1915-இல் காப்பி மாவட்டத்தை அடைந்தது. குடியானவர்கள் உதிர்ந்த மொட்டுகளைப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கி எரித்தார்கள். கையால் வண்டு பிடித்தார்கள். பின்னாட்களில் பாஷாணப் பொடி தூவும் வழியும் வந்தது. அதை வாங்கவும் பணம் வேண்டும். விளைச்சல் வீழ்ந்தது. விளையாத பயிரை ஈடாக வாங்கியிருந்த கடைக்காரனும் வங்கிக்காரனும் முதன்முறையாக நடுங்கினார்கள்.

இந்த இடத்தை நேயர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். குடியானவன் பட்டினி கிடந்த ஆண்டுகள் முன்னும் பல உண்டு. அப்போது ஊர் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. கடன் கொடுத்தவனுக்கும் நஷ்டம் வந்த ஆண்டிலேதான் மாற்றம் வந்தது. வண்டுக்கு ஏழை பணக்காரன் என்ற வேறுபாடு தெரியாது. அதுவே அது செய்த வேலை.

நிலத்தடிச் செல்வம்

எச். எம். செஷன்ஸ் என்பவர் அவ்வூரவர். பருத்தியை விட்டு நிலக்கடலைக்கு மாறவேண்டும் என்று அவர் துணிந்தார். 1916-இல், கடனில் மூழ்கியிருந்த சி. டபிள்யூ. பாஸ்டன் என்ற உழவரை இசைவித்துக் கடலை பயிரிடச் செய்தார். அவ்வாண்டு விளைச்சல் பாஸ்டனின் கடனைத் தீர்த்தது. அவர் நிலத்துக் கடலையை அயலார் விதைக்கென்று வாங்கிப் போனார்கள். ஒருவன் கடன் தீர்ந்ததைக் கண்ணால் கண்டபின் ஆயிரம் பிரசங்கத்துக்குச் செவி சாயாதவனும் சாய்ந்தான். 1917-இல் காப்பி மாவட்டத்தில் விளைந்த கடலை 10 இலட்சம் புஷலுக்கு மேல் என்று ஊரார் பெருமையோடு கூறுவர்.

நிலக்கடலை ஏன் வென்றது? பருத்தியைத் தின்னும் கூன்வண்டு கடலைச் செடியை நாடாது. அது பூப்பது மண்ணுக்கு மேலே, காய்ப்பது மண்ணுக்குள்ளே. பூ வாடியபின் அதிலிருந்து ஒரு விழுது இறங்கி மண்ணைத் துளைத்துச் சென்று, அங்கே காயாகிறது. மணல் கலந்த இளகிய நிலமே அதற்கு ஏற்றது. கம்பிப்புல் நாட்டின் மண்ணோ அத்தகையது. அதன் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி நிலத்துக்கு உரமாக்குகின்றன. பருத்தி எடுத்ததைக் கடலை திருப்பிக் கொடுத்தது. கொடியைக் கால்நடைக்கு இடலாம். அறுவடைக்குப்பின் நிலத்தில் எஞ்சியதைப் பன்றிகள் கிளறித் தின்று கொழுக்கும். அந்நேரத்தில் முதல் உலகப் போரும் நடந்துகொண்டிருந்தது. எண்ணெய்க்குக் கிராக்கி மிகுந்தது. பருத்திக்கொட்டை ஆட்டிய ஆலைகள் கடலை ஆட்டத் தலைப்பட்டன. நிலம், பயிர், சந்தை மூன்றும் ஒருங்கு கூடின.

இதிலே இன்னொரு செய்தி உண்டு. நிலக்கடலையின் பிறப்பிடம் தென்னமெரிக்கா. ஆயினும் அமெரிக்காவின் தென்மாகாணங்களுக்கு அது வந்தது ஆப்பிரிக்காவைச் சுற்றி, அடிமை வணிகத்தோடு. அங்கே அதற்கு வழங்கும் ‘கூபர்’ என்ற பெயர் கொங்கோ நாட்டு மொழியிலிருந்து வந்தது. அடிமைகள் தம் சிறு கொல்லையில் விளைத்து உண்ட அப்பருப்பைப் பெருநிலக்காரர் நெடுங்காலம் அடிமைத் தீனி என்றும் பன்றித் தீனி என்றும் இகழ்ந்தனர். இகழப்பட்டோரின் உணவே இகழ்ந்தோரின் வங்கியைக் காத்தது!

அப்பயிரின் பெருமையை நாடறியச் செய்த அறிஞரும் அவ்வாறே இகழப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1864-ஐ ஒட்டி மிசௌரி மாகாணத்தில் அடிமையாகப் பிறந்தார். அரும்பாடுபட்டுக் கற்று, 1896-இல் அலபாமாவிலுள்ள டஸ்கிகி கல்விக்கூடத்தில் விவசாய ஆசிரியராக அமர்ந்தார். புக்கர் டி. வாஷிங்டன் தலைமையில் கறுப்பின மக்களுக்கென அக்கல்விக்கூடம் தொடங்கியது 1881-இல். எண்டர்பிரைஸ் ஊரில் முதற் குடியேற்றம் நிகழ்ந்த அதே ஆண்டு. கார்வர் பட்டணத்துச் சீமான்களுக்காக ஆராயவில்லை. உரம் வாங்கப் பணமில்லாத ஒற்றைக் கழுதை உழவனுக்காக ஆராய்ந்தார். 1906-இல் கருவிகளும் விதையும் ஏற்றிய வண்டியொன்றை அமைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். கற்க வர இயலாதவனிடம் கல்வியே சென்றது. 1916-இல் கடலை பயிரிடும் முறையையும், அதை உணவாக்கும் 105 வகைகளையும் விளக்கிச் சிறு பிரசுரம் வெளியிட்டார்.

சிலையும் எழுத்தும்

செல்வம் திரும்பியதும் ஊராருக்கு ஒரு ஞாபகச் சின்னம் வேண்டியதாயிற்று. பான் பிளெமிங் என்ற வணிகர் வண்டுக்கே நன்றி கூறுவோம் என்றார். 1919-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் நடுத்தெருவும் கல்லூரித் தெருவும் கூடுமிடத்தில் சிலை திறக்கப்பட்டது. பழைய கிரேக்கப் பாங்கில் ஆடை அணிந்த ஒரு பெண் தன் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி நிற்கிறாள். சுபிட்சத்தை அறிவிக்க வந்த தூதன் என்று கூன்வண்டைப் பாராட்டி, அது செய்த நன்மைக்காகக் காப்பி மாவட்டத்து எண்டர்பிரைஸ் குடிமக்கள் ஆழ்ந்த நன்றியோடு இதனை எழுப்பினர் என்று அடியிலே பொறித்துள்ளனர்.

வேடிக்கை என்னவெனில், முதல் 30 ஆண்டுகள் அச்சிலையில் வண்டே இல்லை. 1949-இல் லூதர் பேக்கர் என்பவர், வண்டுச் சிலையில் வண்டு இருக்கவேண்டாமா என்று கருதி, பெரியதொரு வண்டு செய்து அப்பெண்ணின் கையில் அமர்த்தினார். பிறகு அவ்வண்டைத் திருடுவதும், மீட்பதும் ஊரின் கதைகளில் ஒன்றாயிற்று. 1998-இல் திருடர்கள் வண்டைப் பறிக்கும்போது சிலையே சிதைந்தது. இப்போது தெருவில் நிற்பது அதைப்போல் வார்த்த வேறொன்று; பழைய சிலை இரயில் நிலையத்துப் பொருட்காட்சிச்சாலையில் காக்கப்படுகிறது.

இது வழிபாடன்று என்பதையும் சொல்லவேண்டும். அந்த வண்டுக்குப் படையல் இல்லை, பலி இல்லை, நேர்த்திக்கடன் இல்லை. எங்களைக் காப்பாற்று என்று யாரும் அதன்முன் மண்டியிடுவதில்லை. தாங்கள் கெட்டதையும், கெட்டபின் தெளிந்ததையும் மறவாமல் இருக்க நாட்டிய அடையாளம் அது. அம்மட்டில் அவ்வூராரைப் பாராட்டத்தான் வேண்டும். வெற்றியைக் கல்லில் எழுதாத ஊர் இல்லை. தன் தோல்விக்குக் கல் நாட்டிய ஊர் அரிது.

எழுதப்படாத பகுதி

ஆயினும் கல்வெட்டில் உள்ளதை மட்டும் படித்தால் பாதிச் சரித்திரமே கிடைக்கும். எழுப்பினோர் குடிமக்கள் என்கிறது கல். 1919-இல் அலபாமாவில் குடிமகன் யார்? 1901-ஆம் ஆண்டின் மாகாண அரசியல் சட்டம் எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி, தலைவரி ஆகியவற்றைச் சுவராக எழுப்பியது. 1900-இல் வாக்காளராகத் தகுதி பெற்றிருந்த கறுப்பின ஆடவர் ஏறத்தாழ 1,80,000 பேர். 1903-இல் பதிவில் நின்றவர் 3,000-க்கும் குறைவு. ஏழை வெள்ளையர் பல்லாயிரவரும் அச்சுவருக்கு வெளியே நின்றனர். பள்ளி வேறு, இரயில் வண்டியில் இருக்கை வேறு என்ற சட்டமும் அந்நாளில் அங்கே நடந்தது. கடலையை அந்நாட்டுக்குக் கொண்டுவந்த மக்களின் வழித்தோன்றல்கள் அக்கல்லின்முன் எந்நிலையில் நின்றிருப்பர் என்பதை நேயர்களே எண்ணிக்கொள்க.

சொந்த நிலமுள்ளவன் பயிரை மாற்றலாம். வாரக்குடி என் செய்வான்? வண்டு பரவிய நாடெங்கும் பருத்திக்கு ஆள் குறைந்தபோது முதலில் வெளியேறியவர்கள் வாரக்குடிகளே. அதே காலத்தில் போரினால் வடக்கத்தி ஆலைகளில் வேலை கிடைத்தது. வண்டும் கடனும் வன்கொடுமையும் பின்னிருந்து தள்ள, கூலி முன்னிருந்து இழுக்க, சிக்காகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் கறுப்பின மக்கள் இரயிலேறினர். 1916-இல் பெருகிய அந்தப் புறப்பாடு 1970 வரை நீண்டது. தெற்கைவிட்டுப் பெயர்ந்தோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். பிறந்த ஊரில் பிழைப்பு அற்றுப்போக, யாரோ சொன்ன நல்வார்த்தையை நம்பிக் கடலைக் கடந்த குடும்பங்களின் வழியில் வந்த நாம், அவர்களின் மூட்டையையும் கண்ணீரையும் அறிவோம்.

அவர்கள் அந்த வண்டுக்குச் சிலை வைக்கவில்லை, பாட்டுக் கட்டினார்கள். தெற்கின் பருத்திக் காட்டில் கூன்வண்டைப்பற்றி எழுந்த நாட்டுப்பாடல்கள் பல. சார்லி பாட்டன் என்ற மிசிசிப்பிப் பாடகர் 1929-இல் அவற்றுள் ஒன்றை இசைத்தட்டில் பதித்தார். அப்பாடல்களில் வண்டு தூதனாக வரவில்லை. இருக்க இடந்தேடி அலைகிற ஒரு சிறு உயிராக, விரட்ட விரட்டப் போகாத பிடிவாதக்காரனாக வருகிறது. நிலக்காரனையே திணற அடித்த அதனிடத்தில் பாடியவனுக்கு ஒரு நட்பும் இருந்தது. ஒரே பூச்சியை ஊரின் வணிகர் கண்டது ஒருவிதம். வாரக்குடி கண்டது மற்றொரு விதம்.

இன்னொன்றும் எழுதப்படவில்லை. கடலை வந்ததும் பருத்தி மறைந்துவிட்டது என்று எண்ணுவது பிழை. பருத்தி விலை உயர்ந்த போதெல்லாம் உழவர்கள் அதற்குத் திரும்பினார்கள். போர் முடிந்து, ஆசியாவிலிருந்து மலிவான கடலை வந்திறங்கியபோது கடலையும் விலை வீழ்ந்தது. 1921-இல் இறக்குமதி வரி கோரி அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின்முன் பேசக் கடலை விவசாயிகள் அனுப்பியது கார்வரைத்தான். அவருக்கு அளித்த நேரம் 10 நிமிடம். கேட்டவர்கள் தாமே நேரத்தை நீட்டினார்கள். வாக்குரிமை மறுக்கப்பட்ட இனத்தவர் ஒருவரின் அறிவு, வாக்குரிமை உடையோரின் பயிருக்காக வாதாடிற்று! ஆகவே ஒரு பயிரை விட்டு வேறொரு பயிரைப் பற்றுவது மட்டும் விடுதலையாகாது. ஒன்றையே நம்பாமை, கடன் கொடுத்தவன் கட்டளைக்குள் நில்லாமை, விளைந்ததை விற்க ஒன்றுபட்டு நிற்றல் ஆகியவையும் வேண்டும்.

விழாக்களும் காட்சிகளும்

இன்று எண்டர்பிரைஸ் 28,000-க்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தொகை 28,711. 1942-இல் அருகே அமைந்த இராணுவ முகாம் பின்னர் ஹெலிகாப்டர் ஓட்டப் பயிற்றும் பெரும் நிலையமாகியது. ஊரின் பிழைப்பில் பெரும் பங்கு இப்போது அதிலிருந்தே வருகிறது. பழைய இரயில் நிலையம் பொருட்காட்சிச்சாலையாக இருக்கிறது. 1903-இல் தோன்றிய ராவ்ல்ஸ் விடுதிக் கட்டடம் இரயில் வந்த நாளின் செழிப்பைக் காட்டுகிறது. வசந்தத்தில் பைன் காட்டின் பெயரால் கலை விழாவும், இலையுதிர் காலத்தில் கூன்வண்டின் பெயராலேயே ஒரு திருவிழாவும் நடக்கின்றன. குழந்தைகள் வண்டு வேடமிட்ட உருவத்தோடு கைகுலுக்குகிறார்கள். அவர்கள் பாட்டனாரின் வயலை அழித்த பூச்சி அது என்று நினைத்தால் சிரிப்பும் வரும், சிந்தனையும் வரும்.

அருகிலுள்ள டோத்தன் நகரில் அறுவடையை ஒட்டி நிலக்கடலை விழா நடக்கிறது. 1938-இல் அவ்விழா முதன்முறை நடந்தபோது பேச அழைக்கப்பட்டவர் கார்வர். ஐந்தாண்டுக்குப் பின், 1943-இல் அவர் மறைந்தார். கூன்வண்டும் அலபாமாவில் இன்று இல்லை. 1978-இல் வர்ஜீனியா, வடக்குக் கரோலினா எல்லைப் பகுதியில் அரசாங்கமும் உழவர்களும் சேர்ந்து தொடங்கிய ஒழிப்பு வேலை, தென்கிழக்கு மாகாணங்கள் எங்கும் அதனை அறவே நீக்கியது. வண்டு ஒழிந்தது, சிலை நிற்கிறது.

நாம் கொள்ளவேண்டியது

வண்டு எவருக்கும் நன்மை செய்ய வரவில்லை. தன் பசிக்கு வந்தது. சுபிட்சம் தந்தது அதுவன்று. மாறத் துணிந்த செஷன்ஸ், கடனோடு கடனாகச் சோதனையில் இறங்கிய பாஸ்டன், வண்டியில் கல்வியை ஏற்றி அனுப்பிய டஸ்கிகி ஆசிரியர்கள், அக்கடலையை ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நினைவோடு காத்துவந்த அடிமை மக்கள் ஆகியோரின் அறிவும் உழைப்புமே தந்தன. வண்டு செய்தது ஒன்றே. மனிதர் தாமே அவிழ்க்க மறுத்த ஒரு கட்டை அது அரித்து அறுத்தது. அக்கட்டு முன்னமே அவிழ்ந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் சிதறாமல் இருந்திருக்கும்!

மனிதனுக்குச் செலுத்தவேண்டிய நன்றியைப் பூச்சிக்குச் செலுத்துவது எளிது. பூச்சி பங்கு கேட்காது; வாக்கு கேட்காது; தன் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்காது. துன்பம் வந்ததனால்தான் நன்மை வந்தது என்று பேசுவோர் எந்நாட்டிலும் உண்டு. அப்பேச்சைக் கேட்கும்போது, அத்துன்பத்தைச் சுமந்தவன் யார், அந்நன்மையைப் பெற்றவன் யார், இருவரும் ஒருவரேதானா என்று கேட்கப் பழகவேண்டும்.

ஊர்ச் சரித்திரம் என்பது அரசர் வரிசையும் போர் ஆண்டும் மட்டுமன்று. ஓர் ஊரில் எது விளைந்தது, யார் விளைத்தார், யார் கடன் கொடுத்தார், யார் ஊரைவிட்டுப் போனார் என்பவையும் சரித்திரமே. எண்டர்பிரைஸ் ஊரார் தம் நாற்சந்தியில் ஒரு பக்கத்தை எழுதி வைத்தார்கள். மறுபக்கத்தைப் பாட்டிலும் ஏட்டிலும் தேடி எடுத்தவர்கள் பின்வந்தவர்கள். தாம் வாழ்ந்த இடத்தின் கதையைத் தாமே எழுதாதவர்களுக்காக வேறு எவரோ எழுதுவர். அதிலே அவர்கள் பெயர் இராது. ஆதலின், மூத்தோர் நினைவில் இருப்பதை இளையோர் கேட்டு எழுதுக. கல்லில் இடம் கிடையாவிடினும் காகிதத்தில் இடம் உண்டு.